பதம் பார்த்து இறக்கணும்

கச்சானை வறுத்து, கருப்பட்டிப் பாகில் கொட்டிக் கிளறி, தட்டித் துண்டு போடுவது எல்லா ஊரிலும் நடக்கிற வேலைதான். ஹட்டனில் அதைச் செய்கிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. உள்ளே இருக்கிற தண்ணீரைப் போக்க வேண்டும். போன தண்ணீர் திரும்பி வராமல் காக்கவும் வேண்டும். இங்கே கச்சானில் ஈரம், கருப்பட்டியில் ஈரம், பேரீச்சம்பழத்தில் ஈரம், காம்பராச் சுவரிலும் ஈரம். கீழே வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அந்த மேகம் ஏறி வருகிற வழியில்தான் நாங்கள் அடுப்பு மூட்டுகிறோம். இந்த வேலைக்கு வர நினைக்கிற தங்கச்சிமார் இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப்போவது எல்லாம் இதைச் சுற்றித்தான்.

எனக்கு இதைப் பழக்கியவர் அம்மாயி. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்து ஓய்ந்தவர். மாரியம்மன் கோயில் தேர் வந்தால் எள்ளுருண்டை, பொரிவிளங்காய், கச்சான் உருண்டை மூன்றும் அவர் கையால்தான் லயத்துக்கு வரும். பாகு கொதிக்கும்போது யாரும் அவரோடு பேசக்கூடாது. கண்ணும் காதும் தாச்சியிலேயே இருக்கும். தண்ணீர் நிறைய உள்ள பாகு சளசளவென்று கொதிக்கும். குமிழ்கள் பெரிதாக எழும்பி உடனே உடையும். தண்ணீர் வற்ற வற்றச் சத்தம் தடிக்கும், குமிழ் சிறுத்து நெருங்கும், மேலே ஒரு மினுக்கம் வரும். “இப்ப பாகுக்குத் தாகம் வந்துருச்சு, இனிமே கண்ண எடுக்காத” என்பார். அந்த நேரத்துக்குப் பிறகு ஒரு நிமிடம் பிந்தினாலும் கசப்பு, ஒரு நிமிடம் முந்தினாலும் பிசுபிசுப்பு.

நாங்கள் பேரீச்சம்பழமும் பிளம்ஸும் சேர்த்து நீளத் துண்டாக வெட்டத் தொடங்கியது பின்னால்தான். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைக்குக் கொடுக்கவும் யாத்திரைக்காரர்களின் பைக்குள் அடுக்கவும் உருண்டையைவிடத் துண்டு வசதி. கடைக்காரர்கள் அதை “பார்” என்கிறார்கள். பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது அம்மாயியின் பாகுதான்.

கச்சானில் தொடங்குகிறேன், ஏனென்றால் பழகுகிற பிள்ளைகள் அவசரப்படுகிற இடம் அது. எங்களுக்குக் கச்சான் மொனராகலைப் பக்கமிருந்தும் புத்தளத்திலிருந்தும் வருகிறது. காய்ந்த நாட்டில் விளைந்த பொருள் இந்தக் குளிருக்குள் வந்து ஒரு மாதம் மூட்டையில் கிடந்தால் ஈரம் குடித்துவிடும். அதனால் கொஞ்சமாக வாங்குங்கள், வாங்கியதைச் சுளகில் பரப்பிப் பொறுக்குங்கள். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சணம் பிடித்தது, வாயில் போட்டால் கசப்பது எல்லாம் குப்பைக்கு. வறுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கவே வேண்டாம். பூஞ்சணத்தில் உண்டாகிற அஃப்ளடொக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும். நம் அடுப்புச் சூட்டில் அது முழுதாக அழியாது. பிள்ளைகள் தின்கிற பண்டத்தில் நூறு ரூபாய் மிச்சம் பார்ப்பது பாவம்.

வறுக்கும்போது தீ எரியக்கூடாது, தணல் போதும். தோல் படபடவென்று வெடிக்கத் தொடங்கியதும் ஒன்றை எடுத்து இரண்டாக உடைத்துப் பாருங்கள். நடுவில் பச்சை வெள்ளை தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அதை அப்படியே பாகில் போட்டால் முதல் நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் சவசவக்கும். நடுவும் இளம் மஞ்சளாக மாறியதும் உடனே சுளகுக்கு மாற்றுங்கள். இரும்புத் தாச்சி அடுப்பை விட்டு இறங்கிய பிறகும் வறுத்துக்கொண்டே இருக்கும். ஆறியதும் உள்ளங்கையால் தேய்த்துப் புடைத்தால் தோல் பறந்துவிடும். பருப்பைப் பாதியாகப் பிளந்து முளையையும் உதிர்த்துவிடுவது எங்கள் வழக்கம். அந்தச் சின்ன முளை ஒரு கசப்பை வைத்திருக்கும்.

கருப்பட்டிக்கு நாங்கள் கீழே கினிகத்தேனை, கித்துல்கலப் பக்கத்தை நம்பியிருக்கிறோம். கித்துல்கலவின் பெயரிலேயே கித்துள் இருக்கிறது. நல்ல கித்துள் கருப்பட்டி சிரட்டை வடிவில் வரும், உடைத்தால் பொடிமணியாக உடையும், வாயில் இலேசான புகை வாசம் நிற்கும். சீனி கலந்தது கல்லைப் போல இறுகி, உடைத்த இடத்தில் பளபளவென்று மணி மணியாக மின்னும். இன்னொரு வகையும் உண்டு. புளிக்கத் தொடங்கிய பதநீரில் காய்ச்சிய கருப்பட்டி எவ்வளவு காய்ச்சினாலும் இறுகாது, மெழுகு மாதிரி வளையும். அதை நல்ல கருப்பட்டியோடு கலந்தால் முழுப் பாகையும் கெடுக்கும். தேசிக்காய் பிழிந்த பாகு கெட்டிப்படாமல் நிற்பதற்கும் இதே காரணம்தான்: புளிப்பு சீனியை உடைத்துவிடுகிறது.

கித்துளை மட்டும் போட்டுக் காய்ச்சினால் மழைக்காலத்தில் துண்டு வியர்க்கும். என் அளவு இது: வறுத்துப் பிளந்த கச்சான் 500 கிராம், கித்துள் கருப்பட்டி 250, பெல்வத்தைச் சிவப்புச் சீனி 50, பேரீச்சம்பழம் 150, பிளம்ஸ் 50, வறுத்த எள்ளு 50, ஒரு மேசைக்கரண்டி நெய், ஒரு சிட்டிகை உப்பு, இடித்த சுக்கும் ஏலமும். சீனி துண்டைத் தூக்கி நிறுத்தும், கருப்பட்டி வாசத்தைக் கொடுக்கும். கருப்பட்டியை அரைத் தம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டாமல் அடுப்பில் ஏற்றாதீர்கள். சிரட்டைத் தும்பும் மணலும் அதில் கட்டாயம் இருக்கும்.

பாகு பதத்தைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் மலையில் அதில் ஒரு பொறி இருக்கிறது. பீலித் தண்ணீர் ஐஸ் மாதிரி குளிர்ந்திருக்கும். அதில் விட்ட சொட்டு, பதம் வராத பாகாக இருந்தாலும் உருண்டு இறுகி, பதம் வந்துவிட்டதாகக் காட்டும். அதை நம்பி இறக்கியவர்கள் மறுநாள் விரலில் ஒட்டுகிற கட்டியைத்தான் பார்ப்பார்கள். அம்மாயி காலையிலேயே ஒரு பேணியில் தண்ணீர் பிடித்து அடுப்போரம் வைத்துவிடுவார், குளிர் போகட்டும் என்று. அந்தத் தண்ணீரில் விட்ட சொட்டை எடுத்து வளைத்துப் பாருங்கள். வளைந்தால் பொறுங்கள். டக்கென்று உடைந்தால் மொறுமொறுப்பான துண்டுக்குப் பதம் சரி. பேரீச்சம்பழம் கூடச் சேர்க்கிற மெதுத் துண்டுக்கு அவ்வளவு வேண்டாம். விரலில் உருட்டினால் கெட்டியாக உருண்டு, அழுத்தினால் மெல்ல அமுங்க வேண்டும்.

நோர்வூட்டிலிருந்து ஒரு பிள்ளை பழக வந்தாள், படித்தவள். கையில் வெப்பமானியும் ஒரு சமையல் புத்தகமும் கொண்டுவந்தாள். புத்தகத்தில் மொறுமொறுப்புப் பதத்துக்கு 149 டிகிரி என்று போட்டிருந்தது. அவள் அந்தப் புள்ளி வரும்வரை காய்ச்ச, பாகு கருகி வாசம் மாறிவிட்டது. வெப்பமானியில் பழுது இல்லை, புத்தகத்திலும் இல்லை. அந்த அளவு கடலோரத்துக்கு எழுதியது. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரம். இங்கே தண்ணீர் 96 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். 1,868 மீற்றரில் இருக்கிற நுவரெலியாவில் 94. அதனால் பாகு பதமும் அதே அளவு முந்தி வரும். ஹட்டனில் நாலு டிகிரியும் நுவரெலியாவில் ஆறு டிகிரியும் கழித்துப் பாருங்கள் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவளுக்குப் பிசகவில்லை. கருப்பட்டி சீனியைவிடச் சீக்கிரம் கருகும் என்பதையும் சேர்த்துச் சொல்லி, மூக்கையும் பழக்கிக்கொள்ளச் சொன்னேன். கருவி வைத்திருப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. முதலில் கொதிக்கிற தண்ணீரில் அதை விட்டு, நம் வீட்டில் எத்தனை காட்டுகிறது என்று பார்த்துக்கொண்டால் போதும்.

பழம் சேர்ப்பதுதான் இதில் நுணுக்கமான இடம். பேரீச்சம்பழத்தின் ஈரம் பக்கத்தில் இருக்கிற கச்சானுக்குள் போகும். நாள் ஆக ஆகப் பழம் வறளும், கச்சான் நமுக்கும், இரண்டும் கெடும். அதைத் தடுக்க வறுத்த கச்சானில் முதலில் நெய்யைப் பிசறி, ஒவ்வொரு பருப்பிலும் மெல்லிய பூச்சு ஏறச் செய்துவிட வேண்டும். பழத்தைக் கொட்டை நீக்கி, பொடியாக நறுக்கி, காய்ந்த தாச்சியில் தணலில் பிரட்டி, ஒட்டும் தன்மை குறைந்ததும் எடுக்க வேண்டும். பாகில் முதலில் கச்சானும் எள்ளும், பழம் கடைசியில். வாழைப்பழத்தைச் சீவி அடுப்புக்கு மேல் பரணில் காயவைத்தும் போடலாம், ஆனால் ஈர விறகு எரித்தால் புகை நாற்றம் ஏறிவிடும். நுவரெலியா ஸ்ட்ரோபெரியைப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் இருப்பதெல்லாம் தண்ணீர். ஜாமுக்கு நல்லது, இதற்கு ஆகாது.

திரிபோஷாவைப் பற்றியும் கேட்பார்கள். சோளமும் சோயாவும் சேர்ந்த அந்த மாவில் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது தோட்டத்துத் தாய்மாருக்குப் புதிதில்லை. வீட்டுக்குச் செய்யுங்கள். விற்கிற பண்டத்தில் ஒரு கரண்டிகூடச் சேர்க்காதீர்கள். அது கர்ப்பிணிக்கும் சிறு பிள்ளைக்கும் அரசாங்கம் இலவசமாகக் கொடுப்பது.

தட்டுகிற நேரம் மிகக் குறைவு. காலைக் குளிரில் பலகையும் கட்டையும் பாகின் சூட்டை இழுத்துவிடும். கிளறிக் கொட்டிய கலவை பரத்துவதற்கு முன்னே இறுகி வெடிக்கும். பலகையில் கொதிநீர் ஊற்றித் துடைத்து, அடுப்போரம் சாய்த்துக் காயவைத்து, அதன் பிறகு நெய் தடவுங்கள். கட்டையால் ஒரே பக்கம் உருட்டாமல் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். இளஞ்சூட்டில் கத்தியை மேலிருந்து கீழே அமுக்கிக் கோடு போட வேண்டும். இழுத்து அறுத்தால் கச்சான் பெயர்ந்து வரும். அம்மாயி வெறுங்கையால் அழுத்துவார். கொழுந்தெடுத்துக் காய்த்துப்போன அந்த விரல்களுக்குச் சூடு ஏறாது. நாங்கள் வாட்டிய வாழையிலையை மேலே விரித்து அழுத்துகிறோம்.

2022இல் காஸ் இல்லாமல் போனபோது மறுபடி விறகுக்கு வந்தோம். கவ்வாத்து மிலாறு குபீரென்று எரிந்து சீக்கிரம் அடங்கும். பாகைக் கொதி நிலைக்கு ஏற்ற அது நல்லது. பதம் நெருங்கும்போது தைலமரக் கட்டையின் தணல் வேண்டும். அந்த நாட்களில் பேரீச்சம்பழம் வாங்க முடியாத விலைக்குப் போனது. நாங்கள் பழத்தை விட்டுவிட்டு எள்ளைக் கூட்டினோம். காஸ் திரும்பி வந்த பிறகும் எங்களில் சிலர் கடைசிப் பதத்துக்குத் தணலைத்தான் வைத்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான்.

சிவனொளிபாத மலைப் பருவகாலம், மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வெசாக் வரை, எங்களுக்கு அறுவடைக்காலம். ஹட்டனில் இறங்கி மஸ்கெலியா, நல்லதண்ணி வழியாகப் போகிறவர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள். அவர்களுக்குச் செய்கிற துண்டுக்குப் பாகை ஒரு படி முந்தியே இறக்க வேண்டும், பழத்தையும் கொஞ்சம் கூட்ட வேண்டும். வீட்டில் மொறுமொறுவென்று உடைகிற துண்டு, விடியற்காலையில் 2,243 மீற்றர் உச்சியில், அந்தக் குளிரில் பல்லுக்கு அசையாது. வயதானவர்களும் ஏறுகிறார்கள் என்பதை மறக்கக்கூடாது. மலையில் கொழுந்தெடுக்கிற பெண்கள் பத்து மணித் தேத்தண்ணிக்குக் கடிக்கிற துண்டு வேறு; அது இறுக்கமாக, நெடுநேரம் வாயில் நிற்கிறதாக இருக்க வேண்டும். யார் எங்கே நின்று தின்கிறார்கள் என்று கேட்ட பிறகுதான் நான் பாகு வைக்கிறேன்.

துண்டு முழுக்க ஆறாமல் சுற்றாதீர்கள். சூட்டோடு சுற்றினால் உள்ளே ஆவி வேர்த்து, அத்தனை உழைப்பும் வீணாகும். ஆற வைக்கிற நேரத்தில் சன்னலைச் சாத்துங்கள், மூடுபனி உள்ளே வரும். எண்ணெய்த்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றி, இறுக்கமான பிஸ்கட் தகரத்தில் அடுக்கி, மூலையில் வறுத்த அரிசியைத் துணி முடிச்சாகக் கட்டிப் போடுங்கள். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒருமுறை மறுபடி வறுங்கள். விற்கிற பொட்டலத்தில் கச்சான், எள்ளு இருப்பதைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். சில பிள்ளைகளுக்கு அவை உயிருக்கே ஆபத்து.

தமிழ்நாட்டுக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷமான விஷயம். அவர்களுடைய கரிசல் மண்ணும் வெயிலும் அவர்களுக்குத் துணை நிற்கின்றன. இந்தப் பனியில் பாகை இறுக வைப்பதற்கு அந்த ஊர்க் கணக்கு உதவாது, நம் கணக்கை நாம்தான் போட வேண்டும்.

தொடங்க நினைக்கிறவர்கள் தையில் தொடங்குங்கள். தையிலிருந்து பங்குனி வரை ஹட்டன் பக்கம் காற்று காய்ந்திருக்கும், கை பழக நல்ல காலம். முதல் தடவை அரைக் கிலோ கச்சானுக்கு மேல் எடுக்காதீர்கள். வீட்டுக்கும் பக்கத்துக் காம்பராவுக்கும் கொடுத்து, ஒரு வாரம் கழித்து எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். ஆடி மழையில் செய்த துண்டும் பத்தாம் நாள் மொறுமொறுவென்று நின்றால், அப்புறம் கடைக்குக் கொண்டுபோங்கள்.