புழக்கத்தில் வாழும் பெயர்

தஞ்சையிலிருந்து மேற்கே சுமார் 25 கி.மீ. சென்றால் திருக்காட்டுப்பள்ளி. ரயிலில் வருவோர் பூதலூரில் இறங்கிப் பேருந்தில் செல்லலாம். கல்லணையைக் கடந்து வரும் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிவது இவ்வூரில்தான். தண்ணீர் வாய்க்கால்களில் ஏறி ஓடினால்தான் இங்கே நெல்லுக்கு உயிர்.

ஊருக்குள் ஒரு மேல்நிலைப்பள்ளி. 1864இல் அருகிலுள்ள பழமாநேரியில் பிறந்த சட்ட மேதை சர் பி.எஸ். சிவசாமி ஐயரின் பெயரைத் தாங்கியது. அவர் மறைந்தது 1946இல். எனினும், எந்தப் பள்ளியில் படிக்கிறாய் என்று கேட்டால், இவ்வூர்ப் பிள்ளைகளின் வாயில் இன்றும் அவர் பெயரே வருகிறது.

ஒருவரை நினைவுகூர வேறு வழியும் உண்டு. கிரிக்கெட்டைப் போலவே மட்டையும் பந்தும் கொண்டு அமெரிக்கர் ஆடுவது பேஸ்பால். அதன் பெரும் வீரர் பேப் ரூத் 1932இல் அணிந்து ஆடிய சட்டை, 2024இல் 2 கோடியே 41 இலட்சம் டாலருக்கு ஏலம் போனது. வசதி படைத்த ஒருவருக்கு அது உடைமையாயிற்று. மற்றவர்களுக்கோ விலையைக் கேட்டு வியப்பது ஒன்றே மிச்சம்.

நம் தமிழகம் தன் வீரர் ஒருவருக்குச் செய்த சிறப்போ வேறு வகையானது. 1909இல் மொரப்பாக்கத்தில் பிறந்த எம்.ஜே. கோபாலன், கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் இந்தியாவுக்காக ஆடியவர். 1934 நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவரும் அவரே. 1936இல் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியா, இங்கிலாந்தில் கிரிக்கெட்டா என்ற நிலை வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தார். ஹாக்கி அணி தங்கம் வென்று திரும்பியது. அவருக்கோ இங்கிலாந்தில் ஒரு டெஸ்டில்கூட இடம் கிட்டவில்லை.

பதக்கம் கிட்டாத அந்த வீரரின் பெயரால் ஒரு கோப்பை ஏற்பட்டது. 1952-53 முதல் சென்னை மாகாண அணியும் இலங்கை அணியும் கோபாலன் கோப்பைக்காக மோதின. டெஸ்ட் தகுதி பெறாதிருந்த இலங்கைக்கு அது நல்ல பயிற்சிக் களமாயிற்று. 1982 செப்டம்பரில் இந்திய மண்ணில் இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடியதும் அதே சேப்பாக்கத்தில்தான். அதில் துலீப் மெண்டிஸ் இரு இன்னிங்ஸிலும் 105 ஓட்டங்கள் எடுத்தார். கோபாலன் 2003இல் மறைந்தார். பிறர் ஆடி வளரப் பயன்பட்ட கோப்பையில் அவர் பெயர் நிலைத்தது.

வாசகர்களே! உங்கள் ஊர்ப் பள்ளியின் அலமாரியைச் சற்றுத் திறந்து பாருங்கள். கறுத்துப்போன கேடயங்களும், மங்கிய குழுப் படங்களும் அங்கே இருக்கக்கூடும். படத்தில் நிற்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே, அதன் பின்புறம் பெயர்களையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். கேடயத்தைத் துலக்கி மீண்டும் போட்டியில் வையுங்கள். இந்த ஆண்டு வெல்லும் பிள்ளை அதைக் கையில் ஏந்தி, "இதில் பொறித்திருக்கும் பெயர் யாருடையது?" என்று கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஊரில் ஒருவர் இருந்தால், அவ்வீரருக்கு அதைவிடப் பெரிய சிறப்பு வேறில்லை.