கோலாலம்பூரில் ஒரு வெள்ளிக்கிழமை

கோவை கோட்டைமேட்டிலிருந்து மலேசியாவுக்குப் படிக்கச் சென்ற எனக்கு, அதன் தலைநகரைச் சுற்றிப் பார்க்க ஒரு நாளே வாய்த்தது. என்னுடன் வாருங்கள்.

காலையில் முதலில் கண்டது, 1965இல் திறக்கப்பட்ட தேசியப் பள்ளிவாசல். அதன் கூரை விரித்த குடை. 73 மீட்டர் உயர மினாராவின் உச்சியோ மடக்கிய குடை! அடுத்து, 1957 ஆகஸ்டு 30 நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கிய மெர்டேக்கா சதுக்கம். அருகிலேயே, கிள்ளான், கோம்பாக் ஆறுகள் கூடுமிடத்தில் 1909இல் எழுந்த ஜாமிஃ பள்ளி. காவிரியோடு கலக்கும் நம் பவானிக் கூடுதுறை நினைவில் எழுந்தது. கூடவே ஊர் ஏக்கமும். மூன்று வாரங்களாக அத்தாவிடம் மறைத்து வந்த ஏக்கம் அது.

ஜும்ஆவுக்கு மஸ்ஜித் இந்தியாவை அடைந்தேன். 1863இல் இந்திய முஸ்லிம்கள் நிறுவி, 1966இல் புதிதாய்க் கட்டிய பள்ளி அது. பிரசங்கம் தொடங்கியது, தமிழில்! என்னையறியாமல் கண்கள் கசிந்தன. தொழுகை முடிந்ததும் பக்கத்திலிருந்த பெரியவர் ஸலாம் கூறி, "எந்த ஊர், தம்பி?" என்றார்.

பிள்ளைகளைத் தொலைவுக்கு அனுப்பக் கலங்கும் பெற்றோரே! நமக்கு முன்னே கடல் கடந்தவர்கள் அங்கே நம் பிள்ளைகளுக்கும் ஒரு ஸஃப்பில் இடம் வைத்திருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்!