தொட்டிக்கு அடியில் எந்த மணல்?

சின்னவனுக்கு மீன் தொட்டி வேண்டுமாம், அதில் வேலம்பாசியும் வளர வேண்டுமாம். "மணலுக்கா பஞ்சம், கடற்கரை பக்கத்துலதானே" என்றார் இவர். சகோதரிகளே, எங்கள் தூத்துக்குடிக் கடல் மணல் நல்ல தண்ணீர்த் தொட்டிக்கு ஆகாது. உப்பைக் கழுவிவிடலாம், அதில் கலந்த சிப்பித்தூளும் பவளத்தூளும் சுண்ணாம்பாயிற்றே! மெல்லக் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கிவிடும். பல செடிகளுக்கு ஒத்துக்கொள்ளாது. ஒரு பிடி மணலில் எலுமிச்சம்பழம் பிழியுங்கள், நுரைத்தால் சுண்ணாம்புதான்.

வீடு கட்டும் ஆற்று மணலே போதும். சலித்துத் தூளைத் தள்ளிவிட்டு, கடுகளவு மணலை அரிசி களைவதுபோல் தண்ணீர் தெளியும்வரை களையுங்கள். சோப்பு கூடவே கூடாது. முன்பக்கம் இரண்டு அங்குலம், பின்பக்கம் மூன்று. மாவாய் இருக்கும் மணல் இறுகி, வேர் அழுகும்.

பக்கத்து வீட்டு அக்கா அழகுக்கென்று பவளக்கல் கொண்டுவந்தார்கள், பழைய வீடு இடித்ததாம். வேண்டாமென்று விட்டேன். கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் இந்தக் கல்லைத் தோண்டித் தோண்டித்தானே நம் விலாங்குசல்லித் தீவு கடலுக்குள் போனது! 2001 முதல் பவளப்பாறைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு; கடலிலிருந்து எடுத்தால் குற்றம்.

கல் வைத்தே ஆகணும் என்றால் ஆற்றுக் கூழாங்கல் இருக்கிறது. அதிலும் ஒரு சொட்டு எலுமிச்சை விட்டுப் பாருங்கள்.