சிவப்பை நம்பியவர்

எங்கள் வீட்டுக்கு மின்கம்பி இழுத்தவர் அப்பா. அவர் கணக்கு வாத்தியார். மின்வேலை அவருடைய தொழில் அன்று. 1983இல் வீடு எழும்பி முடிந்தபோது கையிருப்பும் முடிந்திருந்தது. வயரிங்குக்கென்று ஒதுக்கிய பணம் தளம் போட்டதிலேயே கரைந்துவிட, ஒரு கோடை விடுமுறை முழுவதும் ஏணியின் மீதே குடியிருந்து அவரே வேலையைச் செய்தார். கீழே நின்று ஆணியும் கிளிப்பும் எடுத்துக் கொடுத்த பிள்ளைகள் மூவர்தாம் நாங்கள்.

அவர் வாங்கியவை 90 மீட்டர் சிவப்பில் ஒரு சுருள், 90 மீட்டர் கறுப்பில் ஒரு சுருள், கொஞ்சம் பச்சை. நம் ஊர் வீடுகளில் சிங்கிள் பேஸ் இணைப்புக்கு வழிவழியாக வந்த முறை அது: சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஆனால் இரண்டு சுருளையும் சம அளவில் வாங்கியதில் ஒரு பிழை இருந்தது. நியூட்ரல் நேரே விளக்குக்குப் போய்விடும். பேஸ் அப்படியன்று. சுவரில் சுவிட்சு வரை இறங்கி, மறுபடி ஏறி, அதன் பிறகே விளக்கை அடையும். ஆகவே சிவப்புத்தான் முதலில் தீரும். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் இந்த எளிய கணக்கைக் கோட்டைவிட்டார்.

கடைசியாக மிஞ்சியது பின்கட்டு அறை. மிஞ்சிய கம்பியோ நிறையக் கறுப்பும் சில முழம் சிவப்பும். இன்னொரு சுருள் வாங்க வழியில்லை. நீளம் வேண்டிய பேஸுக்குக் கறுப்பையும், குறைவாகத் தேவைப்பட்ட நியூட்ரலுக்குச் சிவப்பையும் போட்டார். விளக்கு எரிந்தது. எரியாமலிருக்க அதற்கு ஒரு காரணமும் இல்லை. நிறம் மனிதர்களுக்காக, மின்சாரத்துக்கு அது தெரியாது.

அன்றிரவு சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "பின்னாடி ரூம்ல மட்டும் மாத்திப் போட்டிருக்கேன். ஞாபகம் வச்சுக்குங்க." மூவரும் தலையாட்டினோம். தலையாட்டியதுதான் இன்றும் நினைவிருக்கிறது.

அப்பா 2009இல் காலமானார். 2011இல் பின்கட்டை ஒட்டி ஒரு குளியலறை கட்டினோம். எலக்ட்ரீசியன் பின்கட்டு அறையின் இணைப்புப் பெட்டியிலிருந்து மின்சாரம் எடுத்தார். சிவப்பைப் பார்த்தார், முறைப்படி அதிலேயே சுவிட்சை வைத்தார். விளக்கு எரிந்தது, அணைந்தது. பணம் கொடுத்து அனுப்பினோம்.

2014 மழைக்காலத்தில் அந்தக் குளியலறையின் பல்பு ஹோல்டர் உடைந்துபோயிற்று. எங்களில் இளையவன் சுவிட்சை அணைத்துவிட்டு, ஈரத் தரையில் இரும்பு ஸ்டூலைப் போட்டு ஏறினான். நிதானத்துக்காக ஒரு கை தண்ணீர்க் குழாயைப் பற்றியிருந்தது. மறு கை ஹோல்டரின் முனையைத் தொட்டது. சத்தம் கேட்டு ஓடியபோது அவன் தரையில் கிடந்தான். தூக்கி எறியப்பட்டதால் பிழைத்தான் என்றார் மருத்துவர். கை ஒட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தோள்பட்டை கூடி வர மூன்று மாதம் ஆயிற்று.

எலக்ட்ரீசியனை வாய்க்கு வந்தபடி ஏசினோம். பிறகு வேறொரு முதியவரை அழைத்துவந்து காட்டினோம். அவர் சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்தார். சுவிட்சு அணைந்தே இருந்தது. ஹோல்டருக்கு வந்த கறுப்புக் கம்பியில் வைத்தார், டெஸ்டர் எரிந்தது. சுவிட்சு தடுத்து நிறுத்தியது நியூட்ரலை மட்டுமே. பேஸ் விளக்கின் வாசலில் அப்படியே காத்திருந்தது. நியூட்ரல் டிரான்ஸ்பார்மரிலேயே மண்ணோடு பிணைக்கப்பட்டிருப்பதால், பேஸைத் தொட்டு ஈரத்தில் நிற்பவனின் உடலே மின்சாரம் திரும்பிப் போகும் பாதையாகிவிடுகிறது.

பெரியவர் இணைப்புப் பெட்டியைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். "அவரு தப்பு பண்ணலீங்க. செவப்ப நம்பிட்டாரு," என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனா டெஸ்டர வச்சுப் பாத்திருக்கணும்," என்றும் சொன்னார். அப்போதுதான் எங்களில் நடுவிலானவனுக்கு அந்த இரவுச் சாப்பாடு நினைவுக்கு வந்தது. 31 ஆண்டுகள் கழித்து.

அமெரிக்காவில் இருக்கும் மூத்தவனிடம் தொலைபேசியில் சொன்னபோது, "கறுப்புதானே பேஸ்?" என்று கேட்டான். அங்கே அப்படித்தான்: கறுப்பில் மின்சாரம், வெள்ளை நியூட்ரல், எர்த் பச்சையாகவோ வெறும் செம்பாகவோ இருக்கும். அந்த நாட்டு எலக்ட்ரீசியன் ஒருவர் எங்கள் பின்கட்டுக்கு வந்திருந்தால் கறுப்பைக் கண்டு விலகியிருப்பார். அதன் பிறகு இதைப் பற்றித் தேடிப் படிப்பது எங்களுக்கு ஒரு நோயாயிற்று. ஜெர்மனியில் 1965 வரை சிவப்பு எர்த்தின் நிறம். சிவப்பைத் தொடலாம் என்று பழகிய கைகள் அங்கே இருந்திருக்கின்றன. நாம் யாரிடமிருந்து சிவப்பையும் கறுப்பையும் கற்றோமோ அந்த பிரிட்டன், 2004இல் வீட்டு வயரிங்கில் பழுப்புக்கும் நீலத்துக்கும் மாறத் தொடங்கியது. 2006 முதல் அது கட்டாயம். அதுவரை நியூட்ரலாக இருந்த கறுப்பு, மூன்று பேஸ் இணைப்புகளில் ஒரு பேஸ் ஆயிற்று. பேஸாக இருந்த நீலம் நியூட்ரல் ஆயிற்று. பழையதும் புதியதும் சேர்ந்திருக்கும் வீடுகளில் எச்சரிக்கை அட்டை ஒட்ட வேண்டும் என்று விதி செய்தார்கள். எங்கள் வீட்டில் அந்த அட்டை அப்பாவின் ஒரு வாக்கியமாக இருந்தது.

அமெரிக்க முறையில் இன்னொன்றும் உண்டு. சுவிட்சுக்கு இறங்கும் வெள்ளைக் கம்பியைச் சில இடங்களில் பேஸாகப் பயன்படுத்த நேரும். அப்போது அதன் நுனியில் கறுப்பு டேப்பைச் சுற்றி அடையாளப்படுத்த வேண்டும். இதைச் சொன்ன மூத்தவன், "அப்பா டேப் சுத்தலையா?" என்று கேட்டான். எங்களிடம் பதில் இல்லை.

மறு வாரம் பெரியவர் பழைய கம்பிகளையெல்லாம் உருவிவிட்டுப் புதிது போட வந்தார். பின்கட்டு அறையின் மரச் சுவிட்ச் பெட்டியைக் கழற்றியபோது, உள்ளே பல்லி முட்டை ஓடுகளுக்கும் தூசுக்கும் நடுவே சுருண்டு கிடந்தது ஒரு துண்டு சிவப்பு டேப். பசை காய்ந்து மொரமொரப்பாகியிருந்தது. கறுப்புக் கம்பியிலிருந்து கழன்று விழுந்ததுதான் என்கிறான் மூத்தவன், அதைக் கண்ணால் காணாமலே. வேலை செய்யும்போது தவறி விழுந்த ஏதோ துண்டாக இருக்கும் என்கிறான் இளையவன், தோள் அவனுடையது. பெரியவரிடம் கேட்டோம். "இருக்கலாம்," என்று சொல்லிவிட்டு அதை ஊதித் தள்ளினார். பிறகு புதுச் சிவப்புச் சுருளைப் பிரித்து, அறையின் நீளத்தைத் தம் கைமுழத்தால் அளக்கத் தொடங்கினார்.