ஆயில் பம்பின் கனம்

டிராக்டர் இன்ஜினை இறக்கி, போர் அடிச்சு, கிராங்க் அரைச்சு, புது பேரிங் போட்டாச்சு. உடனே ஸ்டார்ட் பண்ணிப் பாக்கத்தான் மனசு துடிக்கும். ஆவணி பொறந்து ஊரே உழவு ஓட்டுது. வீட்டம்மா வளையலை அடகு வச்ச காசு அந்த பேரிங்காத்தான் உள்ள கிடக்கு. ஆனா அறந்தாங்கி மெக்கானிக் தம்பி அசையலை.

எங்க வண்டி மேஸி 1035. இன்ஜின் சென்னை சிம்சன் கம்பெனியோடது. இதுல ஆயில் பம்ப் சம்ப்புக்குள்ள உக்காந்திருக்கும். மாட்டிட்டா, திரும்பப் பாக்க சம்ப்பையே கழட்டணும். அதனால வெளியிலேயே வச்சுக் கையால சுத்தினாப்ல. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரே இடத்துல பிடிச்சுச்சு. மூடியைத் திறந்தா பல்லுக்கு நடுவுல மயிர் கனத்துல ஒரு இரும்புச் சீவல்! லேத்துல அரைச்சதைச் சரியாக் கழுவாத வேலை.

டீசல்ல கழுவினதும் லேசா சுத்துச்சு. அடுத்து, உறிஞ்சுற பக்கத்தை ஆயில் கிண்ணத்துல முக்கி, வெளிய வர்ற ஓட்டையை என்னைக் கட்டைவிரலால அடைக்கச் சொன்னாப்ல. ரெண்டு சுத்துலயே பம்ப் கனத்துப்போச்சு, விரலைத் தள்ளிக்கிட்டு ஆயில் பீச்சுச்சு. இந்தக் கனம்தான் வேணும். ஆயில்ல முக்கியும் லேசாவே சுத்தினா, எங்கயோ காத்தை உறிஞ்சுதுன்னு அர்த்தம். நகரத்துல காரை சர்வீஸுக்கு விட்டுட்டு பில்லை மட்டும் பாக்குறவங்களுக்கு இந்த விரல் பாடம் கிடைக்காது.

மாட்டின பிறகும் ஸ்டாப்பரை இழுத்து வச்சு, டீசல் போகவிடாம, பத்து பத்து செகண்டா, நடுவுல ஆறவிட்டு, செல்ஃப் மட்டும் அடிச்சாப்ல. ஆயில் ஏறாம ஓட்டினா புது பேரிங் நிமிஷத்துல போயிடும். நாலாவது தடவை பிரஷர் முள் மெதுவா எழுந்துச்சு.

அப்புறம்தான் ஸ்டாப்பரை உள்ள தள்ளினாப்ல.