காணாமல் போன அத்தியாயங்கள்... கடலூர் முதல் காட்டுமன்னார்கோயில் வரை!

கடலூருக்குப் போகிறேன் என்றால் 'சில்வர் பீச்சுக்கா?' என்பார்கள். சிதம்பரம் என்றால் 'நடராஜர் தரிசனமா, பிச்சாவரம் படகா?' என்பார்கள். இந்த முறை நாங்கள் போனது காணாமல் போன அத்தியாயங்களைத் தேடி!

'நாங்கள்' என்றால் நானும் என் அக்கா மகனும். அவன் பிறந்து வளர்ந்தது லண்டனில். 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைகதைத் தொடர் என்றால் அவனுக்கு உயிர். நீலநிற போலீஸ் பெட்டியில் ஏறி, காலத்திலும் விண்வெளியிலும் சுற்றும் ஒரு விநோத மனிதரின் கதை. 1963 நவம்பர் 23-ல் பி.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கியது. அவன் அப்பா பிறப்பதற்கு முன்பே ஆரம்பித்த தொடரை இவன் இன்றும் பார்க்கிறான்.

ஆனால், அதன் முதல் ஆறு ஆண்டுகளில் வந்த 253 அத்தியாயங்களில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை தொலைந்துபோயின. திருட்டுமல்ல, தீ விபத்துமல்ல. வீடியோ டேப் அப்போது விலை அதிகம். 'ஒளிபரப்பி முடித்தாயிற்று, இனி யார் பார்க்கப் போகிறார்கள்?' என்று பி.பி.சி.யே அழித்துவிட்டு, அதே டேப்பில் வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்துகொண்டது.

ரசிகர்கள் விடவில்லை. வெளிநாட்டு நிலையங்களுக்கு அனுப்பப்பட்ட பிலிம் பிரதிகளைத் தேடி அலைந்தார்கள். 2013-ல் நைஜீரியாவின் ஜோஸ் நகரில் கண்டெடுத்த 9 அத்தியாயங்கள் வெளியானபோது லண்டனில் திருவிழாதான்!

"இந்த மாதிரி பைத்தியங்க எங்க ஊர்ல மட்டும்தான் மாமா இருக்காங்க" என்றான் பெருமையாக.

"அப்படியா? ரெண்டு நாள் என்கூட வாடா" என்றேன்.

கடலூர்: உலகங்களைப் பற்றிய ஒரு நூல்

எங்கள் முதல் நிறுத்தம் திருப்பாதிரிப்புலியூர். கடலூர் நகருக்குள்ளேயே இருக்கிறது. ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர்தான். பாடலீஸ்வரர் கோயிலின் தலமரம் பாதிரி. அதனால்தான் ஊருக்கு இந்தப் பெயர்.

இங்கே ஒரு காலத்தில் பெரிய சமண மடம் இருந்தது. திருநாவுக்கரசர் சைவத்துக்குத் திரும்புவதற்கு முன் தருமசேனர் என்ற பெயரில் இருந்தது இங்கேதான் என்கிறது பெரியபுராணம். அவருக்கும் முன்னால், கி.பி. 458-ல், சர்வநந்தி என்ற சமண முனிவர் 'லோகவிபாகம்' என்ற நூலை பாடலி என்ற ஊரில் எழுதினார். காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22-ம் ஆட்சியாண்டு என்று காலக்குறிப்பும் இருக்கிறது. அந்தப் பாடலி இந்தத் திருப்பாதிரிப்புலியூர்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

நூலின் பொருள் என்ன தெரியுமா? உலகங்களின் அமைப்பு! மேலுலகம், கீழுலகம், தீவுகள், கடல்கள், சூரிய சந்திரர்களின் போக்கு, எல்லாவற்றுக்கும் பிரம்மாண்டமான கணக்குகள். பூஜ்யத்தோடு கூடிய இடமதிப்பு எண்முறையைக் காட்டும் மிகப் பழைய நூல்களில் ஒன்றாக இதைக் கணித வரலாற்றில் குறிப்பிடுகிறார்கள்.

"அதை எங்க பார்க்கலாம் மாமா?"

"பார்க்க முடியாது. சர்வநந்தி எழுதின மூலம் தொலைஞ்சு போச்சு. பின்னால சிம்மசூரிங்கிறவர் சமஸ்கிருதத்துல எழுதி வெச்சது மட்டும்தான் இருக்கு."

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

கோயிலுக்குக் கொஞ்ச தூரத்தில் கரையேறவிட்ட குப்பம். பல்லவ மன்னன் நாவுக்கரசரைக் கல்லோடு கட்டிக் கடலில் எறிய, அவர் நமச்சிவாயப் பதிகம் பாட, கல்லே தெப்பமாக மிதந்து வந்து கரையேறிய இடம் என்பது ஐதீகம். இன்றும் சித்திரையில் அதை விழாவாகக் கொண்டாடுகிறார்கள். இந்த ஊரில் பிறந்த இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். சிறுகதை மன்னன் புதுமைப்பித்தன், 1906-ல் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில்தான். பழைய பத்திரிகைகளில் சிதறிக் கிடந்த அவரது எழுத்துகளைத் தேடித் தொகுத்து, 1998-ல் 'அன்னை இட்ட தீ' என்ற நூலாகக் கொண்டுவந்தார் ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி. அவர் மறைந்து ஐம்பது ஆண்டுகள் கழித்து!

சிதம்பரம்: புற்றுக்குள் போன பாடல்கள்

கடலூரிலிருந்து சிதம்பரம் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். பஸ்ஸும் அடிக்கடி உண்டு. மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

நடராஜரைத் தரிசித்துவிட்டு, உள் பிராகாரத்தில் 'திருமுறை காட்டிய விநாயகர்' எங்கே என்று கேட்டுப் போனோம். கதை நடந்த இடம் இது.

ராஜராஜ சோழன் தேவாரப் பாடல்கள் சிலவற்றைக் கேட்டு உருகி, 'முழுவதும் வேண்டும்' என்று தேடினான். யாரிடமும் இல்லை. திருநாரையூரில் நம்பியாண்டார் நம்பி என்ற சிறுவரிடம் பொல்லாப் பிள்ளையார் பேசுகிறார் என்று கேள்விப்பட்டு அங்கே போனான். 'தில்லையில் ஓர் அறையில், மூவர் கையடையாளத்தோடு ஏடுகள் இருக்கின்றன' என்று தகவல் கிடைத்தது. தில்லையில், 'மூவரும் நேரில் வந்தால்தான் திறப்போம்' என்றார்கள். மன்னன் அசரவில்லை. சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரின் திருவுருவங்களையும் ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்தினான். கதவு திறந்தது.

உள்ளே ஏடுகளை மூடிக் கரையான் புற்று. எண்ணெய் ஊற்றி மெல்லப் பிரித்து எடுத்ததில் ஒரு சிறு பகுதிதான் மிச்சம்.

எவ்வளவு சிறு பகுதி? இதே சிதம்பரத்தில் வாழ்ந்த உமாபதி சிவம் 14-ம் நூற்றாண்டில் பாடிய 'திருமுறை கண்ட புராணம்' கணக்குச் சொல்கிறது. சம்பந்தர் பாடியவை 16,000 பதிகம். அப்பர் 49,000. சுந்தரர் 38,000. இன்று நம் கையில் இருப்பவை மூவருக்குமாக 800-க்கும் குறைவு. அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால், நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை!

மன்னன் கலங்கி நின்றபோது, 'இந்தக் காலத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்தோம்' என்று அசரீரி கேட்டதாகப் புராணம் சொல்கிறது. பக்தர்களுக்கு அது ஆறுதல். பையனுக்கு அது போதவில்லை.

"போனது போனதுதானே மாமா. வேண்டியதா வேண்டாததான்னு படிச்சுப் பார்த்தாத்தானே தெரியும்?"

நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவனுக்குச் சொல்ல வேறு இரண்டு விஷயங்கள் இருந்தன.

ஒன்று, ஏடுகள் அறைக்குள் பூட்டிக் கிடந்த காலத்திலும் பாட்டு நிற்கவில்லை. ராஜராஜனுக்கு முன்பே, பல்லவர் காலத்திலேயே, கோயில்களில் திருப்பதிகம் பாடுவோர் இருந்ததற்குக் கல்வெட்டு இருக்கிறது. அரசன் காதில் அந்தச் சில பாடல்கள் விழுந்ததே, யாரோ பாடிக்கொண்டிருந்ததால்தானே? கிடைத்ததை அவன் மறுபடி அறையில் பூட்டவும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் தினமும் திருப்பதிகம் பாட 48 பேரை நியமித்தான்.

இரண்டாவது, சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் நடந்தது. திருவாரூர் பக்கம் திருவிடைவாய் கோயிலின் கல்வெட்டில், எந்த ஏட்டிலும் இல்லாத ஒரு சம்பந்தர் பதிகம் கிடைத்தது! புற்றுக்குத் தப்பிய ஓர் அத்தியாயம், கல்லில் காத்திருந்திருக்கிறது.

"ஜோஸ் மாதிரி!" என்று துள்ளினான்.

அப்புறம் அவனே சொன்னான். டாக்டர் ஹூவில் படம் தொலைந்த அத்தியாயங்களுக்கெல்லாம் ஒலி மட்டும் இருக்கிறதாம். அந்தக் காலத்தில் ரசிகர்கள் வீட்டு டிவி முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்தது. பி.பி.சி. அழித்ததை, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த பையன்கள் காப்பாற்றியிருக்கிறார்கள்.

எனக்கு என் பாட்டி ஞாபகம் வந்தது. வாராவாரம் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு வைப்பாள். அதில் இரண்டு வாரம் காணாமல் போயிருந்தது; இரவல் வாங்கிய யாரோ தொலைத்துவிட்டார்கள். நாங்கள் அந்த இடத்துக்கு வந்ததும், பாட்டி அடுப்படியிலிருந்தே விட்ட கதையைச் சொல்லிவிடுவாள், வசனத்தோடு. அந்த இரண்டு வாரமும் பாட்டியோடு போய்விட்டது. ஒரு தடவையாவது யாராவது எழுதி வைத்திருக்கலாம்.

காட்டுமன்னார்கோயில்: 'ஆயிரத்தில் பத்து' என்ற துப்பு

சிதம்பரத்திலிருந்து மேற்கே சுமார் 25 கிலோமீட்டரில் காட்டுமன்னார்கோயில். நம்பி பிறந்த திருநாரையூரும் இந்தப் பக்கம்தான். ஊரை ஒட்டி வீராணம் ஏரி. கல்கி 1950-ல் 'பொன்னியின் செல்வ'னைத் தொடங்கியபோது வந்தியத்தேவனைக் குதிரையில் வரவைத்தாரே, அதே ஏரிக்கரை. கல்கி இதழிலிருந்து அந்தத் தொடரைப் பிரித்து பைண்டு செய்து வைத்த வீடுகள் எத்தனை! பின்னாளில் விகடனில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' வந்தபோதும் ஜீனோ நாய்க்குட்டிக்காக அதே காரியம் நடந்தது.

இங்கே வீரநாராயணப் பெருமாள் கோயில் இருக்கிறது. நாதமுனிகள் பிறந்த ஊர் இது. ஒருநாள் யாத்திரிகர்கள் சிலர் வந்து, குடந்தை ஆராவமுதன் மீது பத்துப் பாடல்கள் பாடினார்கள். கடைசிப் பாட்டில், இது 'ஆயிரத்தில் ஒரு பத்து' என்று வந்தது. 'மீதி எங்கே?' என்று கேட்டார் நாதமுனிகள். 'எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்' என்றார்கள்.

பத்துதான் கையில், 990 காணோம். குடந்தைக்குப் போய்க் கேட்டார். அங்கிருந்து நம்மாழ்வார் பிறந்த திருக்குருகூருக்குப் போனார். அங்கேயும் ஏடு இல்லை. மதுரகவியாழ்வாரின் 'கண்ணிநுண் சிறுத்தாம்பு' மட்டும் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அதைப் பன்னிரண்டாயிரம் முறை ஓத, நம்மாழ்வாரே தோன்றி நாலாயிரத்தையும் அருளினார் என்பது வைணவ மரபு. தேடிப் போனது ஆயிரம்; கிடைத்தது நாலாயிரம். ஊர் திரும்பிய நாதமுனிகள், தம் சகோதரியின் பிள்ளைகள் இருவருக்கு அவற்றை இசையோடு சொல்லிக்கொடுத்தார்.

"மருமகன்களுக்கா?" என்று சிரித்தான் பையன்.

தேவாரத்துக்கும் பண் தொலைந்துதான் போயிருந்தது. அதை மீட்டுத் தந்தது திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் என்கிறது புராணம். அந்த யாழ்ப்பாணரின் ஊரான திருஎருக்கத்தம்புலியூரும் இதே மாவட்டத்தில்தான், விருத்தாசலம் பக்கம் ராஜேந்திரப்பட்டினம் என்ற பெயரில் இருக்கிறது. சைவத்தின் தேடலும் வைணவத்தின் தேடலும் ஒரே நாளில் பஸ்ஸிலேயே சுற்றிவிடக்கூடிய வட்டாரத்தில் தொடங்கியிருக்கின்றன!

நாங்கள் கோயிலில் நின்றிருந்தபோது ஒரு பெரியவர் தூணில் சாய்ந்து, புத்தகம் இல்லாமல் பாசுரம் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. பையன் தயங்கித் தயங்கிப் போய், "தாத்தா, ரெக்கார்ட் பண்ணிக்கலாமா?" என்று கேட்டான்.

"தாராளமா பண்ணிக்கோப்பா. ஆனா சும்மா பண்ணிட்டுப் போயிடாதே. ரெண்டாவது தடவை சொல்றப்போ நீயும் கூடச் சொல்லு" என்றார் அவர்.

அவன் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டான். தமிழ் உச்சரிப்பு ஒரு மாதிரிதான். பெரியவர் நிறுத்தி நிறுத்தித் திருத்தினார். சிதம்பரம் பஸ் இரண்டை விட்டுவிட்டோம்.

நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் கடலூரில் ஒரு நாள், சிதம்பரத்திலும் காட்டுமன்னார்கோயிலிலும் ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்படாமல் பார்க்கலாம். கிளம்புவதற்கு முன் உங்கள் வீட்டுப் பரணையும் ஒருமுறை பாருங்கள். அட்டை கிழிந்த பைண்டிங் ஏதாவது இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வீட்டில் கதை சொல்லும் பாட்டி இருந்தால், இன்றைக்கே செல்போனை எடுத்து அவர் பக்கத்தில் உட்காருங்கள்.