கடந்து போகக் கற்றுத் தந்தார்கள்

தங்கச்சியின் மகன் போன மாதம் ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். இராணுவத்தின் மருத்துவப் படையணியில் சேரப் போகிறானாம். உயர்தரத்தில் உயிரியல் எடுத்து, பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி காணாமல் போன பிள்ளை. தாதியர் பயிற்சிக்கும் பெயர் வரவில்லை.

"மாமா, நீங்க இருந்துட்டு வந்த இடம்தானே. பயிற்சி எப்பிடி இரிக்கும்?"

"தேத்தண்ணியக் குடி மனே" என்றேன்.

தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை பேசினேன். ஆனாலும் சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

நான் சேர்ந்தது 1997இல். அந்த நாட்களில் நாவிதன்வெளிப் பக்கத்தில் 'ஆமி' என்ற சொல்லை யாரும் உரத்துச் சொல்வதில்லை. உம்மா ஊருக்குச் சொன்ன கதை, மகன் கொழும்பில் புடவைக் கடையில் நிற்கிறான் என்பது. உம்மாவைச் சம்மதிக்க வைத்ததே பெரும்பாடு. அகழ் யுத்தத்தில் காயப்பட்ட தோழர்களுக்கு மதீனாப் பள்ளிவாசலில் கூடாரம் போட்டு மருந்து கட்டிய ருபைதா (ரழி) அவர்களின் கதையைத்தான் கடைசியில் எடுத்துச் சொன்னேன். "அவங்க துவக்குத் தூக்கல்லயே" என்று உம்மா கேட்டா. பதில் இருக்கவில்லை. வாப்பாவோடு சேர்ந்து வயல் செய்த அன்னமலைத் தமிழர் ஒருவருக்கு மட்டும் எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. இரண்டு வருடம் அவர் என்னோடு பேசவில்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவருடைய வீட்டில் நடந்தவை அவருக்குத்தான் தெரியும்.

முதல் மாதங்களில் மருத்துவம் என்று ஒன்றும் கிடையாது. ஓட்டம், அணிநடை, சப்பாத்துப் பளபளப்பு, துவக்கு. நோன்பு காலத்திலும் ஓட்டம் ஓட்டம்தான். ஊசி போடப் போகிறவனுக்கு ஏன் துவக்கு என்று நானும் கேட்டேன். 1949ஆம் ஆண்டின் முதலாவது ஜெனீவா உடன்படிக்கை அதற்கு இடம் கொடுக்கிறது: தன்னையும் தன் பொறுப்பிலுள்ள காயக்காரனையும் காக்க மருத்துவ ஆள் ஆயுதம் வைத்திருக்கலாம், அதனால் அவனுக்குள்ள பாதுகாப்புப் போகாது. அதே உடன்படிக்கை இன்னொன்றையும் சொல்கிறது. காயப்பட்டவன் எந்தப் பக்கத்தவன் என்று பார்க்கக் கூடாது. யாரை முதலில் பார்ப்பது என்பதைக் காயத்தின் அவசரம் மட்டுமே தீர்மானிக்கவேண்டும். இரண்டையும் ஒரே மத்தியானத்தில் படிப்பித்தார்கள். இரண்டாவதுக்கு நித்திரை கொண்டவர்கள் அதிகம்.

பாடம் முழுக்கச் சிங்களத்தில். பள்ளிக்கூடத்தில் நாடி, நாளம் என்று படித்தவை தமனிய, ஷிராவ ஆகின. இன்றைக்கும் சில எலும்புகளின் பெயர் எனக்குச் சிங்களத்தில்தான் முதலில் வரும்.

மருமகனுக்கு நான் அதிகம் சொன்னது இரத்தத்தைப் பற்றி. தொடை நாடி அறுந்தால் சில நிமிடங்களில் ஆள் முடிந்துவிடும். எங்கள் காலத்தில் டூர்னிக்கே என்ற இறுக்குக் கட்டைக் கடைசி வழியாகத்தான் படிப்பித்தார்கள். முதலில் அழுத்திப் பிடி, காலை உயர்த்து, ஒன்றும் சரிவராவிட்டால் மட்டும் கட்டு, கட்டினால் கால் போகும். அந்தப் பயத்தோடுதான் நாங்கள் வெளியே வந்தோம். பிறகு பாடமே தலைகீழானது. பிராங்க் பட்லர் என்பவர் அமெரிக்கக் கடற்படையின் சீல் பிரிவில் இருந்து, பின்னர் கண் வைத்தியரானவர். அவரும் கூட்டாளிகளும் 1996இல் எழுதிய கட்டுரை ஒன்று, வெடிச் சத்தத்துக்குள் செய்யக்கூடிய வைத்தியம் வேறு, ஆஸ்பத்திரி வைத்தியம் வேறு என்று பிரித்தது. வியட்நாம் போரில் தடுத்திருக்கக்கூடிய மரணங்களில் பெரும் பங்கு கைகால் இரத்தப்போக்கால் நடந்தவை. ஆகவே முதலில் கட்டு, மூச்சையும் பிறகு பார். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்குப் பிறகு உலகம் முழுக்க அதுவே பாடமாகிவிட்டது. இரண்டு மணித்தியாலத்துக்குள் அவிழ்க்கக் கிடைத்தால் பெரும்பாலும் காலும் தப்பும். கட்டிய நேரத்தை எழுதவேண்டும், அவ்வளவுதான். நாங்கள் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருந்த அந்த நிமிடங்களை இப்போது நினைக்காமல் இருப்பது நல்லது.

இன்னும் இரண்டு விஷயம் அவனை ஆச்சரியப்படுத்தியது. ஒன்று, இந்த வெயில் நாட்டிலும் இரத்தம் போனவன் குளிரால் சாகலாம். உடம்பு குளிர்ந்தால் இரத்தம் உறையாது, போர்த்திவிடுவதும் வைத்தியம்தான். மற்றது, போர்க்காயத்தை உடனே தைக்கக் கூடாது. ஜொனி மிதிவெடி காலுக்குள் மண்ணையும் சப்பாத்துத் துண்டையும் ஏற்றிவிடும். கழுவி, செத்த சதையை வெட்டி, திறந்தபடி விட்டு, நாலைந்து நாள் கழித்துத்தான் மூடுவார்கள். புதிதாகப் படிப்பவனுக்கு ஊசி நூலைக் கண்டால் கை பரபரக்கும். அந்தக் கையை அடக்குவதுதான் பயிற்சி.

தரம் பிரித்தலைப் பற்றிக் கேட்டான். நான்கு நிறம் என்று மட்டும் சொன்னேன். சிவப்பு உடனே, மஞ்சள் கொஞ்சம் பொறுக்கலாம், பச்சை நடக்கக்கூடியவன், கறுப்பு விட்டுவிடு. பலர் ஒரே நேரத்தில் விழுந்து கிடக்கும்போது மூச்சில்லாதவனின் தலையை நிமிர்த்தி வழி திறந்து பார். மூச்சு வராவிட்டால் கடந்து போ. அதற்கும் ஒத்திகை உண்டு. மைதானத்தில் எங்களிலேயே சிலரைச் செத்தவர்களாகப் படுக்க வைத்து, மற்றவர்களை ஓட விடுவார்கள். ஒருவனிடம் அதிக நேரம் நின்றால் பயிற்றுநரின் தடி முதுகில் படும். நான் வேகமாகக் கடந்தேன் என்று பாராட்டு வாங்கினேன்.

2004 டிசம்பர் 26 ஞாயிறு, போயா. நான் விடுமுறையில் வீட்டில். எங்கள் ஊர் கடலிலிருந்து உள்ளே இருக்கிறது, ஒன்பது மணிக்குக் கல்முனைக் கரையில் நடந்தது எங்களுக்குத் தெரியாது. பத்து மணிக்குப் பிறகு கிட்டங்கித் தாம்போதியால் ட்ரக்டர்கள் வரத் தொடங்கின. பெட்டி நிறைய ஆட்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, பாண்டிருப்பு. சிலருக்கு உடுப்பு இல்லை. பள்ளிக்கூடத்தைத் திறந்தார்கள். மேசைகளைச் சேர்த்துப் போட்டோம். என்னிடம் பை இல்லை, கட்டுத்துணி இல்லை. சாரங்களைக் கிழித்தோம், கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தோம். தகரம் வெட்டிய காயங்களைக் கழுவித் திறந்தபடி விடச் சொன்னேன். தையுங்கள் என்று சண்டை பிடித்தவர்களும் உண்டு. அந்த ஒரு விஷயத்தில் என் பயிற்சி சரியாக இருந்தது. எங்கள் அன்னமலைக்காரரும் வந்தார். ஒரு வார்த்தை பேசாமல் பின்னேரம்வரை தண்ணீர் அள்ளித் தந்தார்.

ஒரு ட்ரக்டரில் ஏழெட்டு வயதுப் பெண்பிள்ளை. தாய் மடியில் வைத்துக்கொண்டிருந்தா. தலையை நிமிர்த்தி, வாயிலிருந்த மண்ணை விரலால் எடுத்து, காதை வைத்துப் பார்த்தேன். மூச்சில்லை. பக்கத்தில் ஒருவர் இரத்தம் வடிய உட்கார்ந்திருந்தார். நான் கடந்து போனேன். தாய் என் சட்டையைப் பிடித்தா. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் போனேன். மொத்தம் அரை நிமிடமும் இருக்காது.

சில வருடங்களுக்குப் பிறகு ஒரு மீள்பயிற்சியில் நீரில் மூழ்கியவர்களைப் பற்றிய பாடம் வந்தது. நீரில் மூழ்கியவருக்கு முதல் தேவை காற்று. வேறெதற்கும் முன்னர் ஐந்து மூச்சு ஊதிப் பார்க்கவேண்டும். வெடிக்காயத்துக்குப் படித்த விதியைத் தண்ணீருக்குக் கொண்டுபோனவன் நான். அன்று வகுப்பில் யாரோ கேள்வி கேட்டார்கள், எனக்குக் கேட்கவில்லை.

கணக்குப் பார்த்திருக்கிறேன். அலை வந்தது ஒன்பது மணியளவில். பிள்ளையைத் தேடி எடுத்து, ட்ரக்டர் கிடைத்து, தாம்போதி கடந்து எங்களிடம் வர எப்படியும் ஒரு மணித்தியாலம் போயிருக்கும். என் மூச்சால் ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் கணக்கு வருகிறது. எத்தனை தரம் போட்டாலும் அதே விடைதான். ஆனாலும் திரும்பத் திரும்பப் போடுகிறேன். அந்த இரத்தக்காரர் பிழைத்தார். எந்த ஊர் என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

22 வருடம் முடித்து 2019இல் வீட்டுக்கு வந்தேன். பேனை பிடித்து விண்ணப்பத்தில் பிழை திருத்திக் கொடுத்தபோதும் இதை மருமகனிடம் சொல்லவில்லை. போகாதே என்று சொல்வதற்கு என்னிடம் காரணம் இல்லை. போ என்று சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

அதற்குப் பதிலாக, மஃரிப் தொழுதுவிட்டு வந்ததும் விளக்கை அணைத்தேன். ஒரு துணிக்கீலத்தையும் அகப்பைக் காம்பையும் கையில் கொடுத்து, சொந்தத் தொடையில் இருட்டில் கட்டச் சொன்னேன். தடவித் தடவி முடிச்சுப் போட்டான், காம்பைச் செருகி முறுக்கினான்.

"மாமா, உயிர் போகுது. கொஞ்சம் இளக்கட்டா?"

"காயக்காரனும் அப்பிடித்தான் கெஞ்சுவான். இளக்கப்படாது. பாதத்துல நாடி அடிக்குதா பாரு."

"அடிக்குது."

"அப்ப இன்னும் முறுக்கு."

அடுப்படியிலிருந்து தங்கச்சி, ஏன் விளக்கை நூத்தீங்க என்று சத்தம் போட்டாள். அவன் இன்னொரு சுற்று முறுக்கினான்.

"இப்ப இல்ல மாமா."

"சரி. மணி என்ன எண்டு பாத்து எழுது."